சுங்கமா, சுகமா?

போன வாரம் ஆஷ்லியைச் சமையலறை வாசலில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். "நான்தாம்மா" என்று அவள் சொன்னதும் சாராள் டீச்சரின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாவம், ஒரு வாரமாகப் பிள்ளை அங்கேயே நிற்கிறாள். முதலில் அவளை உட்கார வைப்போம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. சாராள் போத்தனூரில் தமிழ் டீச்சர். வருடக்கணக்காகப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பி, அத்தனையும் "வருந்துகிறோம்" என்று திரும்பி வந்து, நாற்பத்தெட்டு வயதில்தான் முதல் தொடர்கதை எழுதுகிறாள். கோவையிலிருந்து வரும் ‘நொய்யல் அலை’ வார இதழில் பன்னிரண்டு வாரம் ஓடிவிட்டது. அடுத்த வாரம் முடிவு. இந்த நேரம் பார்த்துத்தான் ஆசிரியர் திருமூர்த்தி போன் செய்தார்.

"டீச்சர், உங்க கதை இன்டர்நெட்டுல ஓசியில ஓடிட்டு இருக்குதுங்க. சனிக்கெழமை சாயந்தரத்துக்குள்ள எடுத்துப்போடச் சொல்லுங்க. இல்லீன்னா கடைசி அத்தியாயம் அச்சுல வராதுங்க. கோவிச்சுக்காதீங்க."

எந்தத் திருடன் என்று வீடே கொதித்தது. கடைசியில் பார்த்தால், வீட்டுக்குள்ளேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மகள்தான்!

இன்று அந்தச் சனிக்கிழமை.

"சொல்லாமச் செஞ்சது தப்புதாம்மா. இன்னைக்கே அழிச்சுப்போடறேன்" என்றாள் ஆஷ்லி. கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருடம். சனி, ஞாயிறுகளில் கிராஸ்கட் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொள்கிறாள். "ஆனா அழிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வந்து பாரும்மா."

"என்ற கதைய நான் புஸ்தகத்துல பாத்தாச்சு. பெட்டிக்குள்ள வேற பாக்கோணுமா?"

"கதைய இல்லம்மா. படிக்கறவங்கள."

சாராளுக்குப் புரியவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் தேவதாஸ் அதற்குள் சட்டையை மாட்டிவிட்டார். கூட்ஸ் வண்டி கார்டு. மாதத்தில் பாதி நாள் ஈரோட்டுக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் தண்டவாளத்தின்மேல் கழிகிறவர். இன்று ஓய்வு. "ஊட்டுல உக்காந்து என்ன பண்ணறது, போலாம் வா" என்று கிளம்பியவர், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "எங்க ஊட்டுக்காரி கதை உலகம் பூரா ஓடுதுங்க" என்று சொல்லியே தீர்த்தார். அழிக்கப் போகிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கடைசி அத்தியாயம் சாராளின் கைப்பையில் இருந்தது. நான்கு மணிக்குத் திருமூர்த்தியிடம் கொடுக்க வேண்டும். அந்த அத்தியாயம் அச்சேறாவிட்டால் பள்ளிக்கூடத்தில், சர்ச்சில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் "முத்தாத்தா என்ன ஆனாளுங்க டீச்சர்?" என்று கேட்பார்கள். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த ஒரே கதை அரைகுறையாக நின்றால் அந்த அவமானத்தை எப்படித் தாங்குவது என்று வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் கதை இதுதான். அன்னூர்ப் பக்கம் முத்தாத்தாள் என்று ஒருத்தி. புருஷன் சென்னியப்பன், திருப்பூருக்கு வேலை தேடிப் போகிறேன் என்று போனவன் மூன்று வருடமாகத் திரும்பவில்லை. பன்னிரண்டாவது வாரம் பக்கத்து வீட்டு போனில் அவன் குரல் கேட்கிறது. "முத்தா, நான் சுங்கத்துலதான் இருக்கறேன். நீ கெளம்பி வா." கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஊருக்குள் சுங்கம் எங்கே இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு லேத் பட்டறையில் வேலை, மேலே ஒரு அறை. கடைசி அத்தியாயத்தில் முத்தாத்தாள் பஸ் ஏறிப் போகிறாள், இருவரும் சேர்கிறார்கள், சுபம்.

பிரவுசிங் சென்டரில் ஆஷ்லி அம்மாவை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தியது. திரை மேலிருந்து கீழாக மெதுவாக நிறைந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"இது கெஸ்ட் புக்கும்மா. படிச்சவங்க எழுதிப்போட்டுப் போறது."

ஆங்கில எழுத்தில் தமிழைப் படிப்பது டீச்சருக்குப் பல்லில் கல் சிக்கின மாதிரி இருந்தது. தேவதாஸ்தான் சத்தமாகப் படித்தார். ஒஸ்லோவில் ஒரு நர்ஸ். "வேலை முடிந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் முதலில் முத்தாத்தாளைத்தான் பார்க்கிறேன். புதன்கிழமை புது அத்தியாயம் வராவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது." டொராண்டோவில் ஒரு பையன், லண்டனில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போனில் ஒவ்வொரு அத்தியாயமாக வாசித்துக் காட்டுகிறானாம். தோஹாவில் ஒரே அறையில் தங்கியிருக்கும் ஆறு பேர், ஒருவன் படிக்க மற்றவர்கள் சமைத்துக்கொண்டே கேட்கிறார்களாம்.

"ஆஷ்லி... இவங்கெல்லாம் என்ற கதையையா சொல்றாங்க?"

"வேற யாரு கதைய? இன்னும் கீழ போம்மா, எத்தன பேரு பாரு!"

கீழே போகப் போக வந்துகொண்டே இருந்தது. சாராளுக்குச் சந்தோஷத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. பன்னிரண்டு வாரத்தில் ‘நொய்யல் அலை’ அலுவலகம் வழியாக அவளுக்கு வந்தது கொஞ்சம் தபால் கார்டுகள்தான். இங்கேயோ ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் பதில் சொல்கிறார், மூன்றாவது ஆள் வந்து இருவரையும் மறுக்கிறார். அவள் எழுத்தில் பெற்ற பெண்ணுக்காக முகம் தெரியாதவர்கள் பஞ்சாயத்து கூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கதை எழுதுகிற யாருக்கும் தலை கிறுகிறுக்கத்தான் செய்யும். எனக்கும் கிறுகிறுக்கும்.

"இதென்னமோ வேற விசயத்துல சண்ட போடறாங்க, கேளு" என்றார் தேவதாஸ்.

மலேசியாவில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் நீளமாக எழுதியிருந்தார். "சொல்லுக, செய்யுக, கொடுக என்று கொங்கு நாட்டு எளிய மக்கள் இன்றும் பேசுவதை அறிந்து மெய்சிலிர்த்தேன். வியங்கோள் வினைமுற்று அங்கே அன்றாடப் பேச்சில் உயிரோடிருக்கிறது!" அதற்குக் கீழே குவைத்திலிருந்து கோவிந்தராஜுலு என்பவர் பாய்ந்திருந்தார். "ஐயா, நான் அன்னூர்க்காரனுங்க. எங்க ஊர்ல எவனும் அப்படிப் பேசறதில்லீங்க. டீச்சர் ஏனோ மாத்தி எழுதறாங்க." அவரை நாலு பேர் பிடித்து, உம் ஊர்ப் பெருமை உமக்கே தெரியவில்லை என்று வறுத்திருந்தார்கள்.

"சொல்லுகவா? நான் எங்கடி அப்படி எழுதினேன்?"

"நான் அடிச்சதக் கேலி பண்றாங்கன்னு நெனச்சேம்மா."

இன்னும் கீழே, கடைசி ஒரு வாரத்தில் வந்ததெல்லாம் ஒரே கோபம். எல்லாம் சென்னியப்பன்மேல். "சுகத்தில் இருக்கிறானாம் சுகத்தில்! வெட்கமில்லாமல் போனில் வேறு சொல்கிறான். முத்தாத்தாள் போகக் கூடாது." "சுகத்துலதான் இருக்கறேன் என்று சொல்கிறவனிடம் இவள் எதற்குப் போக வேண்டும்?" ஒஸ்லோ நர்ஸ் ஒரே வரி எழுதியிருந்தாள்: "டீச்சர், அவளை அனுப்பாதீர்கள்."

சாராள் எழுந்தே விட்டாள். "அவன் சுகமா இருக்கறான்னு நான் எழுதவே இல்லையே! அந்தப் பக்கத்தத் தொற, பாக்கலாம்."

பக்கம் திறக்கத் திறக்க டீச்சரின் கண் தமிழ்ப் பரீட்சைத் தாளைப் பார்க்கிற கண்ணாக மாறியது. ‘வாங்க’ என்று எழுதிய இடத்தில் ‘வாக’. ‘நீங்க’ என்ற இடத்தில் ‘நீக’. ‘ஏனுங்க’ என்பது ‘ஏனுக’. ‘ஊட்டுச் சங்கதி’ என்று எழுதியது ‘ஊட்டுச் சகதி’ ஆகியிருந்தது. ‘தேகாய் சட்னி’ என்று வந்ததைக்கூட வட்டார வழக்கு என்று ஜனங்கள் நம்பியிருக்கிறார்கள். பிரியம் வைத்துவிட்டால் பிழை எங்கே தெரிகிறது! சாராள் பைக்குள் கை விட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தேவிட்டாள். திரையில் சுழிக்கப் போனவளை ஆஷ்லிதான் பிடித்து நிறுத்தினாள்.

"ங் ஒண்ணுகூட இல்லையேடி!"

"பிளாப்பியில சரியாத்தாம்மா இருக்கு, பாரு. நெட்டுல ஏத்தறப்ப அந்த ஒரு எழுத்த மட்டும் முழுங்கிப்போடுது." ஆஷ்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஏத்துனதுக்கு அப்புறம் நான் ஒரு தடவைகூடத் திருப்பிப் படிக்கலைம்மா. ஆளுக காத்துட்டு நிப்பாங்க."

தமிழில் எத்தனை எழுத்து இருக்கிறது! ஙௌ, ஞௌ என்று யாரும் தொடாத எழுத்துக்களை விழுங்கியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கோயமுத்தூர்க் கதையில் போய் ங் என்ற எழுத்தை விழுங்கினால் மிச்சம் என்ன இருக்கும்? பன்னிரண்டு வாரமாக எங்கள் ஊர் மரியாதை மொத்தமும் கடலில் போயிருக்கிறது.

தேவதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆஷ்லி, வாக! டீ குடிக்கப் போக!"

"சிரிக்காதீங்க. சுங்கத்துலங்கறது சுகத்துலன்னு போயிருக்குது. ஒருத்தன் குடியே கெடுது" என்றாள் சாராள். "கண்ணு, நான் சொல்லச் சொல்ல அடி. இவங்களுக்கு வெளக்கம் எழுதோணும். சுங்கம்ங்கறது கோயமுத்தூருக்குள்ள ஒரு எடம். அவன் ஒண்ணும் சொகுசா இல்லை."

ஆஷ்லி அடித்தாள். "அன்னூர்ல இருந்து எவ்வளவு தூரம்னு போடட்டுமாம்மா? அவங்களுக்குத் தெரியாதுல்ல."

"காந்திபுரத்துக்கு ஒரு பஸ்ஸு. அங்கிருந்து ஒரு டவுன் பஸ்ஸு. ஒண்ணேகா மணி நேரத்துல..."

சாராள் நிறுத்திவிட்டாள்.

"ஒண்ணேகா மணி நேரத்துல, அப்புறம்?"

சாராள் மெதுவாகத்தான் சொன்னாள். "மூணு வருசமா அந்த ஒரு பஸ்ஸை ஏறாதவன் சுகத்துலதானே இருந்திருக்கறான், கண்ணு?"

தேவதாஸின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அடிச்சத அழிச்சுப்போடு" என்றாள் சாராள். "அவங்க தப்பாப் படிக்கலை. நான்தான் சரியாப் படிக்காம எழுதிப்போட்டேன்."

பக்கத்து பேக்கரியில் மூலை மேஜையாகப் பார்த்து உட்கார்ந்தாள். தேங்காய் பன்னும் டீயும் வந்து ஆறிப்போயின. பையிலிருந்த கடைசி அத்தியாயத்தில் முதல் பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியைத் தலைகீழாக எழுதினாள். கை ஓடின வேகத்தைப் பார்த்து தேவதாஸ் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறக்கவே இல்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். சாராள் பயத்தில் எழுதவில்லை. யாரோ தன் பின்னால் நின்று, எழுது எழுது என்று தள்ளுகிற மாதிரி இருந்தது. ஒருவர் இல்லை, ஊர் ஊராக நின்றார்கள்.

நான்கு மணிக்கு டவுன்ஹால் பக்கம் ‘நொய்யல் அலை’ மாடிக்கு ஏறினாள். திருமூர்த்தி நல்ல மனிதர். திட்டினாலும் மரியாதை குறையாது.

"உக்காருங்க டீச்சர். இன்டர்நெட்டுப் பக்கத்த எடுத்தாச்சுங்களா?"

"மொதல்ல அத்தியாயத்தப் படிச்சுப்போடுங்க."

அவர் படித்தார். புருவம் ஏறியது, இறங்கியது. சென்னியப்பன் மறுபடி போன் செய்கிற இடம் வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன முத்தா, எப்ப வாரே?" என்று அவன் கேட்கிறான். அதற்குக் கீழே ஒரே வார்த்தை: "வரலை."

திருமூர்த்தி தலையை ஆட்டிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினார். "சேத்தி வைப்பீங்கன்னு பாத்தேன். பரவால்லீங்க, இதுவும் நல்லாத்தான் இருக்குது. அவசரத்துல ஒரு ‘ங்க’ விட்டுப்போட்டீங்க. ‘வரலைங்க’ன்னு நான் போட்டுக்கறேன்."

"போடாதீங்க!"

மாடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சாராளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

"டீச்சர், பன்னண்டு வாரமா புருசனுக்கு ‘ங்க’ போட்டுப் பேசுன புள்ளைங்க. நம்ம பக்கம் ரோட்டுல போற மாட்டுக்குக்கூட ‘அக்கட்டால போங்க’ன்னு சொல்லுவோம். கட்டுனவனுக்கு ‘ங்க’ இல்லீன்னா ஊரு என்னங்க சொல்லும்?"

"அதுனாலதானுங்க எடுத்தேன். அவ அவனத் திட்டலீங்க, சாபம் உடலீங்க, அழுகலீங்க. அந்த ஒண்ண மட்டும் எடுத்துப்போட்டா. நீங்க அதத் திருப்பிப் போட்டீங்கன்னா என்ற கதையே இல்லைங்க."

திருமூர்த்தி பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. "திங்கக்கெழமை புஸ்தகம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள யோசிக்கறேனுங்க. ஆனா அந்த இன்டர்நெட்டு விசயத்துல யோசனையே இல்லீங்க. ஓசியில கெடைச்சா நம்ம புஸ்தகத்த யாருங்க வாங்குவா? இன்னைக்கே எடுக்கோணும்."

"ஒஸ்லோவுல உங்க புஸ்தகம் எந்தக் கடையிலீங்க கெடைக்கும்?"

"எங்கீங்க?"

"நார்வேங்க. அங்க ஒருத்தி கோட்டக் கழட்டாமப் படிக்கறா. அவகிட்ட இருந்து நான் எடுக்க முடியாதுங்க." சாராள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க அச்சுல போட்டாப் போடுங்க, போடலீன்னாலும் கோவிக்க மாட்டேன். முத்தாத்தா முடிவு இன்னைக்கே அங்க வந்துருமுங்க."

சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். கீழே நின்ற தேவதாஸ் "என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கு, "நானே என்ற கதை கழுத்துல கத்தி வெச்சுப்போட்டு வந்துட்டேனுங்க" என்றாள். ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு. இருபது வயதில் முதல் கதையைத் தபால் பெட்டியில் போட்ட அன்றைக்கு வந்த அதே சிரிப்பு.

அவர்கள் திரும்பி வருவதற்குள் ஆஷ்லி அந்த ஓட்டையை அடைத்திருந்தாள். விழுங்கப்பட்ட எழுத்துக்கு எழுத்துருவில் வேறொரு இடம் கொடுத்து, பன்னிரண்டு அத்தியாயத்தையும் மறுபடி ஏற்றி, புது எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள் என்று மேலே ஒரு வரியும் போட்டுவிட்டாள். ‘வாங்க’ வந்துவிட்டது. ‘ஏனுங்க’ வந்துவிட்டது. சென்னியப்பனும் சுகத்திலிருந்து சுங்கத்துக்கு வந்து சேர்ந்தான்.

"பதிமூணாவத நானே அடிக்கறேன்" என்றாள் சாராள். ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி ஒற்றை விரலில் குத்தினாள். பாதியில் விரல் வலித்து ஆஷ்லியிடம் விட்டாள். கடைசி வார்த்தைக்கு மட்டும் மறுபடி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வரலை. முற்றுப்புள்ளி.

தேவதாஸ் அவள் தோளுக்கு மேலாக அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏம்மா, இனி எனக்கும் ‘ங்க’ கெடையாதா?"

"உங்களுக்கு உண்டுங்க" என்றாள் சாராள், திரும்பாமலே. "எத்தன தூரம் வண்டியில போனாலும் ஊடு வந்து சேர்ந்துபோடறீங்கல்ல."

அவர் டீ வாங்கி வருகிறேன் என்று சட்டென்று வெளியே போய்விட்டார். எதற்கு அப்படிப் போனார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்த மனுஷனைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

ஆஷ்லி பட்டனை அழுத்தினாள். முத்தாத்தாள் போத்தனூரையும் அன்னூரையும் தாண்டிக் கிளம்பிவிட்டாள். டவுன்ஹால் மாடியில் திருமூர்த்தி இன்னமும் அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை அவர் பேனா என்ன செய்யும் என்பது அவருக்கே தெரியாது.

"அம்மா! அதுக்குள்ள ஒருத்தர் எழுதிப்போட்டாரு, பாரு!"

குவைத் கோவிந்தராஜுலு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாகப் படிக்கிறவர் போலிருக்கிறது. "டீச்சர், ங்க எல்லாம் வந்துருச்சுங்க! என்ற ஊரு திரும்பி வந்த மாதிரி இருக்குதுங்க. ஆனா கடைசி வார்த்தையில மட்டும் ஒண்ணு விட்டுப்போச்சுங்களே, சரி பண்ணிப்போடுங்க."

ஆஷ்லி பதில் அடிக்கப் போனாள். சாராள் அவள் கையை நகர்த்திவிட்டு, ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தேடி, தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு வாசகருக்கு அவர் படித்த நிமிடத்திலேயே பதில் எழுதினாள்.

"அது விட்டுப்போகலைங்க. அவளே எடுத்துப்போட்டாளுங்க."